வவுனியாத் தேங்காய் விலை

கொளுக்கி தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்துவிட்டு, றேணுகா அந்தப் பிளவுஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தோள்மூட்டில் ஒரு சுருக்கம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த கடை அது. கீழே சாறி வியாபாரம், மேலே தையற்பகுதி. மேலே ஏழு மெஷின், ஏழு பெண்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு மின்விசிறி. அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் தாராளமாகக் கொடுத்தது.

முதலாளியின் மனைவி கோமளவல்லி படியேறி மேலே வருவது அபூர்வம். முழங்கால் வலி என்று கீழே கல்லாவோடு இருந்துவிடுவாள். அன்று தேநீர் நேரத்தில் கையில் வடைப் பொட்டலத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றதும் ஏழு மெஷினும் ஒன்றாக நின்றன. வடை வந்தால் நல்ல சேதியாக இருக்கும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லப் போகிறார்கள்.

"எல்லாரும் எடுத்துக்கோங்க," என்றாள் கோமளவல்லி. "ஒரு விஷயம் சொல்லணும். கட்டடக்காரர் வாடகையக் கூட்டிட்டார். மேல்மாடியும் வச்சிருந்தா நமக்குக் கட்டாது. அதனால தையல் பகுதிய அப்படியே வவுனியாவுக்குக் கொண்டு போறோம். அங்க எங்க அண்ணன் நமசிவாயத்தோட அரிசி ஸ்டோருக்குப் பக்கத்துல ஒரு கட்டடம் சும்மா கெடக்கு. யாழ்ப்பாண பஸ்ல துணி போகும், தைச்சது அதே பஸ்ல திரும்பி வரும். கஸ்டமருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"அப்ப நாங்க?" என்று கேட்டாள் சஹ்லா. கிராண்ட்பாஸிலிருந்து வருகிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"நீ கீழ நின்டு சாறி காட்டு. உனக்குத்தான் வாய் இருக்கே. மத்தவங்கள்ல வர விருப்பமானவங்க வரலாம். றேணுகா வந்தா அங்க அவதான் பொறுப்பு. வேற ஆரையும் நம்பி நான் பட்டுத்துணி அனுப்ப மாட்டேன்."

றேணுகாவின் முகம் சிவந்தது. பதினொரு வருடமாக இந்த மேசையில் வெட்டித் தைத்தவளை எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது இதுதான் முதல்தடவை. சம்பளத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குப் படவில்லை. அவள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த தபால்காரர் மாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்குப் போனபோது சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை. ஆள் ஊர் மாறினால் சம்பளமும் கூடவே பெட்டி கட்டிக்கொண்டு வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வழக்கமாக இரண்டாவது பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். அன்று தூக்கம் எங்கே வந்தது? மனதுக்குள் வவுனியாவில் அடுப்பு மூட்டிக் குழம்பும் வைத்துவிட்டாள்.

வீட்டில் புருஷன் இருளப்பன் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தான். மகள் ஸ்ரீஜா அவன் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. வெங்காயமும் கிழங்கும் லொறியிலிருந்து கடைக்கு அவன் முதுகில்தான் இறங்கும். இனி மூட்டை தூக்கினால் ஒரு நாள் எழும்பாமலே போய்விடுவாய் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். இருளப்பன் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். வேறு வழியும் இல்லை. றேணுகாவின் சம்பளம் அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரி. சோறு இருளப்பனின் முதுகிலிருந்துதான் வர வேண்டும்.

"எழும்புங்கோ!" என்று செருப்பைக் கழற்றாமலே கத்தினாள் றேணுகா. "இனி நீங்கள் மூட்டை தூக்கத் தேவையில்லை!"

"என்னா, லொத்தர் விழுந்திருச்சா?"

"வவுனியாவுக்குப் போறம். என்னைப் பொறுப்பாப் போட்டிருக்கினம். என்ர சம்பளத்தை அங்க கொண்டு போனா ராசா மாதிரி இருக்கலாம். அக்காவுக்கு ஃபோன் அடியுங்கோ, இப்பவே அடியுங்கோ!"

இருளப்பனின் அக்கா வவுனியா நெளுக்குளத்தில் இருந்தாள். அவர்களுடைய குடும்பம் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குப் பயந்து போய்க் குடியேறிய இடம். ஸ்பீக்கரைப் போட்டதும் அறை முழுக்க அக்காவின் குரல் நிரம்பியது. தம்பி வரப் போகிறான் என்று கேட்டதும் அவள் ஒருமுறை அழுது, மூக்கைச் சிந்தி, உடனே காரியத்தில் இறங்கினாள்.

"ஏன்டா அந்த பொகைக்குள்ள கெடந்து சாவுறீங்க? இங்க வாடா. தேங்கா நூத்தி முப்பதுதான்டா. குளத்து மீனு துடிக்கத் துடிக்க வரும். முருங்கக்காய் வேலியில காய்ச்சு தொங்குது, காசு குடுத்து வாங்குனா சிரிப்பானுங்க. வீடு எங்க லேன்லயே ஒண்ணு இருக்கு. ரெண்டு ரூம்பு, கெணறு, மாமரம். பதினஞ்சாயிரம் குடுத்தா போதும்."

பதினைந்தாயிரம்! இந்த ஒற்றை அறைக்கு அவர்கள் அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் கொடுக்கிறார்கள். கழிவறைக்குக் கீழ்த்தட்டு ஆட்களோடு வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரன் ரீவியை இங்கிருந்தே பார்க்கலாம்.

"அத்தை, அங்க நாய் வளக்கலாமா?" என்று ஸ்ரீஜா ஃபோனுக்கு மேல் குனிந்து கேட்டாள்.

"நாயி, ஆடு, கோழி, என்னா வேணும் என் தங்கத்துக்கு?"

ஸ்ரீஜா அந்தச் சின்ன அறைக்குள் குதித்தாள். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் தட்டினாள். றேணுகாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தட்டட்டும், இன்னும் எத்தனை நாளைக்கு!

அன்றிரவு இருவரும் பாயில் கிடந்தபடி இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொழும்பில் தண்ணீருக்கு பில், அங்கே கிணறு. கொழும்பில் பள்ளிக்கூட வான், அங்கே நடை. கீரை, முருங்கை, மாங்காய் எல்லாம் சும்மா. கறண்டும் காஸும் மட்டும் எங்கேயும் ஒரே விலை. அது போகட்டும் என்று விட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் அவள் சம்பளம் ஒன்றே போதும் என்று வந்தது. இருளப்பன் ஒரு தள்ளுவண்டியில் பழம் விற்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் மாமரத்தின் கீழ் இருக்கலாம்.

"நான் சும்மா இருந்தா நீ திட்டமாட்டியே?"

"திட்டுவன். ஆனா மெல்லமாத் திட்டுவன்."

மறுநாளிலிருந்து தையற்பகுதியில் தேநீர் நேரமெல்லாம் வவுனியாதான். அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒரு பொருள் வாங்கி வந்து, "எவ்வளவு?" என்று மற்றவர்கள் கேட்டால், கொடுத்த விலையை அப்படியே சொல்ல மாட்டார்கள். தொள்ளாயிரத்துக்கு வாங்கிய செருப்பு எழுநூறு ஆகும். முழு விலை கொடுத்து வாங்கியவள் என்று பெயரெடுக்க யாருக்குத்தான் விருப்பம்? கேட்கிறவளுக்கும் அது தெரியும். மனதுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, "பரவாயில்லையே, நல்ல மலிவு" என்பாள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. காதில் தோடு போடுவதைப்போல விலைக்குப் போடும் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

ஆகவே அக்கா சொன்ன நூற்றிமுப்பது ரூபாய்த் தேங்காய் றேணுகாவின் வாயில் நூற்றிப்பத்தாக வெளியே வந்தது. சஹ்லா உதட்டைப் பிதுக்கியதும் அது நூறாகியது. பதினைந்தாயிரம் ரூபாய் வீடு முதல் நாள் பன்னிரண்டு, மூன்றாம் நாள் பத்து.

"அல்லாவே, றேணுகாக்கா," என்றாள் சஹ்லா. "நீங்க சொல்ற மாதிரி பாத்தா அந்த ஊரு கடக்காரனுகள் சாமானும் தந்து, கையில சல்லியும் தந்து அனுப்புவானுகள் போல ஈக்கிதே!"

எல்லாரும் சிரித்தார்கள். றேணுகாவும் சிரித்தாள். "பொறாமையடி உனக்கு. வாவன் நீயும்."

"எங்கட உம்மாவ ஆரு பாக்கிற? இக்கரைக்கு அக்கரை பச்சை. நீங்க போய் பச்சைய பாத்துட்டு சொல்லுங்க."

இந்தக் கதைகளைக் கேட்க கோமளவல்லியும் இப்போது அடிக்கடி மேலே வந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை கதை கேட்பதுபோல் கேட்பாள்.

"பத்தாயிரத்துக்கு வீடா? கெணறோடயா?"

"ஓம் மேடம். மாமரமும் நிக்குது."

"மீனு?"

"மீனெண்டா குளத்து மீன், மேடம். விலையே இல்லை. அள்ளிக் குடுப்பினம்."

"நாங்க இங்க என்னத்தத்தான் கொட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கோம், பாரு!" என்று கோமளவல்லி உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேங்காய் வாங்கியதில்லை. ட்ரைவர் வாங்கி வந்து பில்லை வைத்துவிடுவான். சொன்ன விலைக்கு மேல் மனதுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

றேணுகா ஆறப் போடுகிற ஆள் இல்லை. அந்த வாரமே அறைக்காரரிடம் மாத முடிவில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுநாளே ஹட்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூடுதல் வாடகைக்கு அட்வான்ஸ் கட்டியது. ஸ்ரீஜாவின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எடுத்தாயிற்று. நெளுக்குளத்தில் அக்கா தன் கைக்காசைப் போட்டு வீட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் ஃபோனில் மெல்ல இழுத்தாள்.

"டேய், வீட்டுக்காரன் பதினெட்டுக்குக் கொறைய மாட்டேங்கிறான்டா. நான் ஒரு அண்ணளவாத்தான் அன்னிக்குச் சொன்னேன்."

"தேங்கா?" என்று இருளப்பன் கேட்டான்.

"அதுவும்... நூத்தி அறுவது, எழுவது. சின்னதா பாத்தா கொறயும். தம்பி வரணும்ங்கிற ஆசையில வாயில வந்துருச்சுடா."

இருளப்பன் சிரித்தான். றேணுகாவுக்கும் கோபம் வரவில்லை. பதினெட்டும் மலிவுதானே. கடையில் போய்த் திருத்திச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சஹ்லா சும்மா விடுவாளா? மெல்லும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். போகப் போகிற ஊர்தானே, பத்தாயிரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதக் கடைசிக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோமளவல்லி அவளைக் கீழே கூப்பிட்டாள். கல்லாவுக்குப் பின்னால் முதலாளி ஆனந்தகிருஷ்ணன் விபூதிப் பூச்சோடு இருந்தார். சாமி படத்துக்கு அப்போதுதான் சாம்பிராணி காட்டியிருந்தார்கள். றேணுகா சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, சாவிக்கொத்தை இன்றைக்கே கையில் தருவார்களோ என்ற ஆவலோடு போய் நின்றாள்.

"உக்காரும்மா," என்றாள் கோமளவல்லி. முகமெல்லாம் மலர்ச்சி. "உனக்கு அங்க மாசம் முப்பத்தெட்டு போட்டிருக்கோம்."

றேணுகாவுக்கு விளங்கவில்லை. "முப்பத்தெட்டெண்டா? மேலதிகமாவா, மேடம்?"

"மேலதிகமா இல்லம்மா. சம்பளம்."

"எனக்கு ஐம்பத்தெட்டெல்லோ இப்ப."

"அது கொழும்புச் சம்பளம்," என்றார் ஆனந்தகிருஷ்ணன். அவர் அதிர்ந்து பேசுகிறவர் அல்ல. "இங்க இருக்கிற செலவுக்காகக் குடுக்கிறது. அங்க அந்தச் செலவு இல்லையே."

"இவர் முப்பத்தஞ்சுன்னுதான் சொன்னார்," என்று கோமளவல்லி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "நான்தான் சண்டை போட்டு மூணு கூட்டினேன். நீயே சொன்னியே, வீடு பத்து. இங்க நீ எவ்வளவு குடுக்கிறே? தேங்காய் நூறு. காய்கறி சும்மா, தண்ணி சும்மா, மீனுக்கு விலையே இல்லேன்னே. எல்லாத்தையும் பாத்துத்தான் போட்டோம். இங்க உன் கையில மிஞ்சுறத விட அங்க கூடவே மிஞ்சும்."

கோமளவல்லி அதை மனதாரச் சொன்னாள். அதுதான் றேணுகாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டுகிறவளாக இருந்தால் திருப்பிக் கதைக்கலாம். காதுக்குள் தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது: மாமரமும் நிக்குது, மேடம். மாமரமும் நிக்குது.

"மேடம்... வீடு பத்தில்லை. பதினெட்டு. தேங்காயும் நூறில்லை. நூற்றி எழுபது சொல்லினம்."

கோமளவல்லி கணவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கெட்ட சிரிப்பு அல்ல, கடையில் விலை பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"அதெப்படிம்மா, ஒரு மாசமா நூறா இருந்த தேங்காய் சம்பளம்னதும் நூத்தி எழுபது ஆயிட்டுது?"

விலையைக் குறைத்துச் சொல்வது எங்கள் பழக்கம், அது எல்லாருக்கும் தெரிந்தது, நீங்கள்தான் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பொய்க்காரி. பொய்க்காரியிடம் பட்டுத்துணி கொடுப்பார்களா?

"செலவை விடுங்கோ," என்றாள் கடைசியில். "தைக்கிற தையல் அதேதானே, முதலாளி? கொழும்பு ஆக்களுக்குத்தானே தைக்கப் போறன்?"

"விருப்பம் இல்லேன்னா வற்புறுத்தலம்மா," என்றார் ஆனந்தகிருஷ்ணன். "அங்க எடுக்கப்போற பிள்ளைகளுக்கு உனக்குக் கீழதான் போடுவோம். யோசிச்சுச் சொல்லு. லொறி முப்பதாந் திகதி."

மேலே வந்ததும் சஹ்லா அவள் முகத்தைப் பார்த்து மெஷினை நிறுத்தினாள். றேணுகா சொல்லச் சொல்ல சஹ்லாவின் மூக்கு விடைத்தது.

"இது என்ன ஞாயம்? ஒங்கட கைக்கு இங்க ஒரு வெல, அங்க ஒரு வெலயா? நான் போய்க் கேக்கட்டா?"

"நீ போய் என்னத்தைக் கேக்கப் போறாய்? நூறு ரூபாய்க்குத் தேங்காய் வித்தது நான்தானே."

சஹ்லா எழுந்து வந்து றேணுகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று தேநீர் ஆறிப்போனது.

வேலை முடிந்ததும் றேணுகா நேரே வீட்டுக்குப் போகவில்லை. காலி வீதியில் வேறு மூன்று தையல்கடைகளில் ஏறி இறங்கினாள். இரண்டு இடத்தில் ஆள் தேவையில்லை. மூன்றாவது இடத்தில் பிளவுஸ் கணக்கில் கொடுப்பதாகச் சொன்னார்கள். அந்த வருமானத்தில் பாதி பல மாதத்துக்குப் புது அறையின் அட்வான்ஸுக்கே போய்விடும். பழைய அறை போய்விட்டது. ஹட்டன் குடும்பம் நேற்றே வந்து ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டு போயிருந்தது.

இருளப்பன் முழுவதையும் கேட்டான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"தவள தன் வாயால கெட்டுச்சாம்," என்றான் அவன். பிறகு அவள் கண்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான். "உன்ன சொல்லல. எங்க அக்கா ஒரு தவள, நீ ஒரு தவள. ரெண்டு பேரும் சேந்து தேங்காய இறக்கிட்டீங்க."

"பகிடி விடாதீங்கோ. எனக்கு நெஞ்சு பத்துது."

"சரி, விடு. போவோம். அட்வான்ஸ் குடுத்தாச்சு, புள்ளைக்கு ஸ்கூல் பாத்தாச்சு. அவ நாய்க்குப் பேரும் வச்சிட்டா. இனி எப்படி இல்லேன்றது?"

"முப்பத்தெட்டில வாடகை போக என்ன மிஞ்சும்? கறண்டு அதே விலை, காஸ் அதே விலை, மா, சீனி, இவளின்ர கொப்பி எல்லாம் அதே விலை..."

"அந்த நமசிவாயம் முதலாளிகிட்ட அரிசி ஸ்டோர் இருக்குல்ல?" இருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க மூட்டை எறக்க ஆளு தேவப்படும். மேடத்துக்கிட்டச் சொன்னா ஏற்பாடு செய்வாங்க."

றேணுகா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்ச நாளைக்குத்தான், றேணு. அரிசி மூட்டைதானே. வெங்காய நாத்தம் இருக்காது."

அவள் அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதாள். ஸ்ரீஜாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று சத்தமில்லாமல் அழுதாள்.

முப்பதாந் திகதி காலையில் லொறி வந்து கடை வாசலில் நின்றது. கொட்டாஞ்சேனையில் கட்டிய அவர்களுடைய பெட்டிகளும் பாயும் அடுப்பும் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தன. ட்ரைவருக்குப் பக்கத்தில் ஸ்ரீஜா இருந்து போகிற வருகிற எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டிருந்தாள். சஹ்லா ஒரு டப்பா வட்டிலப்ப இனிப்பை அவள் மடியில் வைத்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

மெஷின்களை இறக்க வேறு ஆள் கூப்பிடவில்லை. "இருளப்பன் இருக்கிறாருதானே, எதுக்கு வெளி ஆளுக்குக் காசு?" என்றிருந்தாள் கோமளவல்லி. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருளப்பன் ஒவ்வொன்றாக இறக்கினான்.

றேணுகா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வெட்டின துணிகளைப் பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொள்ளுப்பிட்டியிலிருந்து வழக்கமாக வரும் வாடிக்கைக்காரி ஒருத்தி உள்ளே வந்தாள். அவளுடைய மகளுக்குக் கல்யாணம். கையில் காஞ்சிபுரப் பட்டுத்துணி.

"என்ன இது, தையலை மூடுறீங்களா? றேணுகா இல்லாம நான் ஆரிட்டக் குடுக்கிறது?"

"ஆரு மூடுறது, மேடம்?" கோமளவல்லி துணியை இரண்டு கையாலும் வாங்கினாள். "அவதான் தைப்பா. அதே வெட்டு, அதே கை. நாலு நாளில இங்கேயே வந்து எடுத்துக்கலாம்."

"கூலி அதேதானே?"

"கொஞ்சம் கூட்டியிருக்கோம், மேடம். என்ன செய்றது? கொழும்புல சாமான் விக்கிற விலை உங்களுக்குத் தெரியாததா? ஒரு தேங்காய் என்ன விலை!"

வாடிக்கைக்காரி பெருமூச்சு விட்டுப் பணப்பையைத் திறந்தாள். ஒரு பிளவுஸுக்கு அவள் எடுத்து வைத்த தாள்களை றேணுகா பார்க்காமல் இருக்க முயன்றாள். கோமளவல்லி பட்டுத்துணியை அவளிடம் நீட்டினாள். றேணுகா வாங்கி, விரலால் ஒருமுறை தடவி, பையில் வைத்தாள். பட்டு நல்ல பட்டு.

"வழி, வழி," என்று படியிலிருந்து குரல் வந்தது.

வாடிக்கைக்காரி சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள். ஓவர்லொக் மெஷினை முதுகில் ஏற்றி, இரண்டு கையையும் பின்னால் கோத்து, இருளப்பன் ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினான். கடைசிப் படியில் அவன் நின்றான். முகம் வெளுத்து, மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது. றேணுகா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மெஷினுக்குக் கீழே தோளைக் கொடுத்தாள்.

"பாத்து, இருளப்பன், பாத்து!" என்று கல்லாவிலிருந்து எழுந்து நின்று பதறினாள் கோமளவல்லி. "மெஷின் புதுசு!"